கதவுக் கண்ணாடியும் ஒரு பிள்ளையின் கையும்

(தோட்டத்து இளைஞர் கழகமும் மாதர் சங்கமும் ஒன்றாகக் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எங்களைப் பேசச் சொல்லித் தந்த தலைப்பு வீட்டில் நடக்கும் விபத்துக்கள். வழக்கமாக இந்தத் தலைப்பில் பேச வந்தால் குப்பி லாம்பு, அடுப்பு, சுடுதண்ணி, கிருமிநாசினிப் போத்தல் என்று சொல்லிக்கொண்டு போவோம். அதெல்லாம் டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டியிருக்கிற படத்திலேயே இருக்கிறது. நீங்களும் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருப்பீர்கள். அதனால் இன்றைக்கு எங்கள் குவாட்டர்ஸ் வாசலிலேயே, எங்கள் கையாலேயே நடந்த ஒன்றைச் சொல்லப் போகிறோம். பழைய பிக்கப் வண்டி ஒன்றுக்குக் கதவுக் கண்ணாடி மாற்றிய கதை. உங்களில் பலருக்கு இது பாதி தெரியும். தெரியாத மீதிப் பாதிதான் முக்கியம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்த நாட்டுக்கு வாகனம் இறக்குவதை நிறுத்தினார்கள். டொலர் இல்லை என்றார்கள். அது திரும்பத் திறபட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருஷம், நாட்டில் கிடந்த பழைய வண்டிகளுக்கெல்லாம் மறுபிறவி வந்த காலம். கோழி முட்டையிட்டுக் கிடந்த கார்களையெல்லாம் ஆட்கள் தேடிவந்து விலை கேட்டார்கள். அந்தக் காலத்தில்தான், 2021ல், நாங்களும் மச்சானும் சேர்ந்து ஒரு மொரிஸ் மைனர் பிக்கப்பை வாங்கினோம். ஓய்வு பெற்ற கிளார்க்கர் ஐயா ஒருவருடைய மாட்டுக் கொட்டிலில் கிடந்தது. மேலே சாக்கு, அதற்கு மேலே புல்லுக்கட்டு.

மொரிஸ் மைனர் என்றால் இங்கேயுள்ள பெரியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1948ல் இங்கிலாந்தில் வந்தது. வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ் என்பவர். பிறகு 1959ல் வந்த மினி காரும் அவர் கைவேலைதான். 1953ல் இதன் வேனும் பிக்கப்பும் வந்தன. காருக்கு அடிச்சட்டம் தனியாகக் கிடையாது, உடம்பே சட்டம். வேனுக்கும் பிக்கப்புக்கும் அப்படியில்லை, பாரம் ஏற்ற வேண்டும் என்று தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எல்லாமாகப் பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். நம் நாட்டில் இதற்கு எவ்வளவு மதிப்பு என்றால், 1990களில் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் திருத்தும் நிலையம் வைத்திருந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், இலங்கைக்காரர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து இங்கேயே அந்த வண்டிக்குப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். வெள்ளைக்காரன் செய்து நிறுத்தின சாமானை நாம் செய்து அவனுக்கே விற்றோம். இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

சரி, வண்டிக்கு வருவோம். என்ஜின் கைக்கு வந்தது. பிரேக் செய்தோம். அடித்தட்டு உக்கியிருந்த இடத்தில் தகரம் வெட்டி வெல்டிங் போட்டோம். 2022ல் பெற்றோலுக்கு கியூ நின்ற காலத்தில் வண்டி அசையாமல் நின்றதால் வேலைக்கு நல்ல நேரம் கிடைத்தது. எல்லாம் முடிந்து பார்த்தால் வலது பக்கம், சாரதி பக்கக் கதவுக்குக் கண்ணாடி இல்லை. கொட்டிலில் கிடந்தபோதே உடைந்து போயிருக்கிறது. உர மூட்டைக்கு உள்ளே வருகிற பொலித்தீனை வெட்டி ஆணியடித்த மாதிரி ஒட்டிக்கொண்டு ஓட்டினோம். இந்தப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். வட்டவளை தாண்டும்போது பொலித்தீன் பறந்து முகத்தில் அடிக்கும். வண்டியை நிறுத்தித் துடைத்துவிட்டுப் போவோம். வீட்டில் சொன்னார்கள், "ஒங்களுக்கு கார் எதுக்கு, குடை பிடிச்சிக்கிட்டு நடந்தே போகலாம்" என்று.

பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தடவை போனோம். அங்கே இல்லாத சாமான் இல்லை என்பார்கள். கண்ணாடி இருந்தது, ஆனால் காருக்குரிய பெரிய கதவுக் கண்ணாடி. எங்கள் பிக்கப் கதவுக்கு அளவு சரியில்லை. மூன்றாவது தடவை போகப் பஸ் காசுக்கும் மனமில்லை. அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. மொரிஸ் மைனர் கதவுக் கண்ணாடி இன்றைய வண்டிகளைப் போல வளைந்தது அல்ல, பலகை மாதிரித் தட்டையானது. தட்டையான கண்ணாடியை எவனும் வெட்டலாமே! டவுனில் ஜன்னல் கண்ணாடி வெட்டுகிற கடைக்குப் போய், அளவு கொடுத்து, சாதாரணக் கண்ணாடியில் வெட்டித் தரச் சொன்னோம்.

அந்தக் கடைக்காரத் தம்பி எங்களைப் பார்த்துக் கேட்டது, "ஐயா, இது ஜன்னலுக்குத்தானே?"

நாங்கள் சொன்னோம், "ஓம் தம்பி, ஜன்னலுக்குத்தான்."

இதை இந்தச் சபையில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை. அந்தத் தம்பி ஏன் கேட்டது என்று எங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் வெட்டித் தராது என்றும் தெரியும்.

இன்னொன்றும் எங்கள் கண்ணில் பட்டிருந்தது. கதவைத் திறந்து உள்ளே கை விட்டபோது, அடியில் உடைந்த பழைய கண்ணாடி ஒரு சிரட்டை நிறையக் கிடைத்தது. கற்கண்டு மாதிரிச் சின்னச் சின்னத் துண்டுகள். ஒன்றாவது நீளமாக, கூராக இல்லை. கையில் அள்ளினோம், கீறவில்லை. "என்ன அதிசயமான கண்ணாடி" என்று மச்சான் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு பேரும் அதைக் குப்பையில் கொட்டினோம். அந்தக் கற்கண்டு எங்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.

கண்ணாடி போட்டு இரண்டு மாதம் நன்றாக ஓடியது. 2023ல், புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை பின்னேரம். மேல் லயத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் வாசலில் விளையாடினார்கள். வண்டி என்றால் பிள்ளைகளுக்கு ஆசை. நாங்களும் ஏறி உட்காருவதைத் தடுப்பதில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சாரதி ஆசனத்தில் இருந்து "ஹட்டன், ஹட்டன், நோர்வூட்" என்று கூவிக்கொண்டிருந்தான். இறங்கினான், கதவை அடித்துச் சாத்தினான். பாதி இறக்கியிருந்த கண்ணாடி உள்ளே ஆட்டம் கண்டு உடைந்தது. உடைந்த மேல் துண்டு, அரிவாள் மாதிரி ஒரு முழ நீளம், கதவில் வைத்திருந்த அவனுடைய வலது கைமேல் இறங்கியது.

அந்தச் சத்தத்தைவிட அதற்குப் பிறகு வந்த அமைதிதான் பயங்கரம். பிள்ளை அழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்த நேரத்தில் செய்ததையும் செய்யாததையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது யாருக்கும் வரலாம். கையில் ஒரு துண்டு குத்திக்கொண்டு நின்றது. மச்சான் அதைப் பிடுங்கப் போனார். எங்கள் வீட்டுக்காரம்மாதான் கையைத் தட்டிவிட்டார். குத்தி நிற்கிற கண்ணாடியைப் பிடுங்கக் கூடாது. அதுவே இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டு நிற்கலாம், பிடுங்கினால் பீறிடும். அதன் இரண்டு பக்கமும் சுத்தமான துணியைச் சுருட்டி அணைத்துக் கட்டவேண்டும். குத்தி நிற்காத வெட்டுக் காயமானால் துணியை வைத்து நேராக அமுக்கிப் பிடிக்கவேண்டும். துணி நனைந்தால் எடுக்காமல் அதற்கு மேலேயே இன்னொரு துணி. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கவேண்டும். கோப்பித் தூள், மஞ்சள் தூள், சிலந்தி வலை, சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். அங்கே ஒரு பாட்டி கோப்பித் தூளோடு வந்துவிட்டார், மரியாதையாகத்தான் தடுத்தோம். பிறகு 1990 என்ற இலக்கத்துக்கு அடிக்கவேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் 2016ல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. காசு இல்லை. தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்குக்கு மேலே நோயாளியைப் படுக்க வைத்துப் போன காலத்தை இங்கேயுள்ள தாய்மார் மறந்திருக்கமாட்டீர்கள். அப்படிப் போகவேண்டிய தேவை இன்றைக்கு இல்லை.

அம்புலன்ஸ் வந்தது. பதினான்கு தையல். ஏற்புவலி ஊசி. வலது கைச் சுண்டு விரல் நரம்பில் வெட்டு. பிள்ளையின் தாய் கொழுந்து நிறுத்துகிற இடத்திலிருந்து கூடையோடு ஓடி வந்தார். எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். அந்தத் தாய் சொன்னது இதுதான்: "ஐயா வூட்டு வாசல்லதானே வெளயாடுறான், அங்க பயமில்லன்னு நெனச்சேன்."

அந்தப் பிள்ளை கட்டுப் போட்ட கையோடு பரீட்சை எழுதினான். சுண்டு விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. தாய்க்கு எத்தனை நாள் பேர் விழாமல் போனது என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நாட்களின் கூலியை நாங்கள்தான் கொடுத்தோம். விரலுக்கு என்ன கொடுப்பது?

அன்று இரவு வாசலைக் கூட்டினோம். கூட்டிய கண்ணாடியைப் பக்கத்துக் காணில் தள்ளப் போனோம், மழைத் தண்ணி கொண்டுபோய்விடும் என்று. பென்சன் எடுத்த ஒரு அம்மா, ஐம்பது வருஷம் கொழுந்து பறித்தவர், திண்ணையிலிருந்து சத்தம் போட்டார்: "காணுல போடாதீங்க ஐயா. அது கீழ மலைக்குப் போயி எங்க புள்ளைக காலுக்குத்தான் வரும்." நலன்புரி உத்தியோகத்தருக்கு நலன்புரி சொல்லித்தர வேண்டியிருந்தது. உடைந்த கண்ணாடியை நாலு மடிப்புக் கடதாசியில் சுற்றி, பழைய பால்மா டின்னில் போட்டு, மூடி, வெளியே கண்ணாடி என்று எழுதிக் கொடுக்கவேண்டும். மருந்து அடிக்கிறவர், புல் வெட்டுகிறவர், கொழுந்து பறிக்கிறவர் எல்லாரும் செருப்பில்லாமல் நடக்கிற காணுக்குள் ஒரு சின்னத் துண்டுகூடப் போகக் கூடாது.

இனி, கற்கண்டு என்ன சொன்னது என்பதைப் பார்ப்போம். படித்த தம்பிமாருக்கு இது விஞ்ஞானப் பாடம், மற்றவர்களுக்கு உயிர்ப் பாடம்.

வாகனக் கதவுக்குப் போடுவது டெம்பர் செய்த கண்ணாடி. வெட்டின கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றை வேகமாக அடித்துச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேல் தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கிற சூடான பகுதி பிறகு மெதுவாகக் குளிர்ந்து சுருங்கும்போது, இறுகிப்போன தோலை உள்ளே இழுக்கும். அதனால் தோல் எப்போதும் நெருக்குப்பட்டபடி நிற்கும். நெருக்குப்பட்ட தோலில் கீறல் இலேசில் ஓடாது. சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம். ஆனால் ஒருமுறை அந்தத் தோல் உடைந்து உள்ளே போனால், அடக்கி வைத்த இழுவை முழுவதும் ஒரே நொடியில் விடுபட்டு, கண்ணாடி முழுதும் சின்னத் துண்டாகச் சிதறும். கற்கண்டு வந்தது இப்படித்தான். ஐரோப்பாவில் 350 வருஷத்துக்கு மேல் இதை வேடிக்கையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்: உருகின கண்ணாடியைத் தண்ணீரில் சொட்ட விட்டால் வால் வைத்த துளி மாதிரி இறுகும்; தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, வாலைக் கிள்ளினால் முழுதும் தூளாகப் போகும். இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்ள்ஸ் காலத்தில் ரூபர்ட் இளவரசர் அதை அங்கே கொண்டுவந்ததால் அவர் பேரிலேயே அந்தத் துளிக்குப் பெயர்.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கவேண்டும். டெம்பர் செய்த பிறகு அந்தக் கண்ணாடியை வெட்டமுடியாது, ஓட்டை போடமுடியாது, ஓரம் தேய்க்கமுடியாது. தொட்டால் சிதறிவிடும். அளவு, ஓட்டை, ஓரம் எல்லாம் முதலிலேயே முடித்துவிட்டுத்தான் அடுப்புக்குள் போகவேண்டும். ஆகவே கடையில் உங்கள் கண் முன்னால் வைரப் பேனையால் கீறி உடைத்துத் தருகிறானா, அது டெம்பர் கண்ணாடி இல்லை. இது ஒன்றே போதும் அடையாளம்.

முன் கண்ணாடி வேறு வகை. அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டினது. உடைந்தாலும் சிலந்தி வலை மாதிரி வெடித்து, தாளிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். 1903ல் பிரான்ஸ் நாட்டு இரசாயனக்காரர் எடுவார் பெனடிக்டஸ் ஆய்வுகூடத்தில் ஒரு குடுவையைத் தவற விட்டார். வெடித்தது, சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த ஒரு கரைசல் காய்ந்து மெல்லிய தோலாகப் படிந்து, துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1909ல் அதற்கு உரிமம் எடுத்தார். அவர் கையிலிருந்து விழுந்ததால் உலகத்துக்கு நன்மை. எங்கள் கையில் விழுந்ததால் ஒரு பிள்ளையின் விரல் போச்சு.

இடது பக்கக் கதவில் பழைய கண்ணாடி நல்லபடி இருந்தது. அதன் மூலையை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தோம். மங்கலாக ட்ரிப்ளெக்ஸ் என்று பொறித்திருந்தது. அது இங்கிலாந்தில் பாதுகாப்புக் கண்ணாடி செய்த கம்பனியின் பெயர். பழைய இங்கிலாந்து வண்டிகளில் இதைப் பார்க்கலாம். இன்றைய வண்டிகளில் டெம்பர்ட் அல்லது டஃபண்ட் என்றும், வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும், 43ஆர் என்ற எண்ணும் இருக்கும். எந்த எழுத்தும் இல்லாத கண்ணாடி என்றால் சந்தேகப்படுங்கள். எங்கள் கண்ணில் அந்த எழுத்து முதலிலேயே பட்டிருந்தது; தேவையில்லாத எழுத்து என்று நினைத்துவிட்டோம்.

இரண்டாம் முறை சரியாகச் செய்தோம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், கராஜில் கெல்பராக நிற்கிற தம்பிமார் நாலைந்து பேர் இங்கே இருக்கிறீர்கள்.

முதலில் கைக்குத் தோல் கையுறை, காலுக்குச் சப்பாத்து, கண்ணுக்குக் கண்ணாடி. பிறகு கதவின் உள் அட்டையைக் கழற்றவேண்டும். மொரிஸ் மைனரில் வைன்டர் கைபிடியைச் சுற்றி ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதை உள்ளே அமுக்கினால் குறுக்கே ஒரு சின்னப் பின் தெரியும். மெல்லிய ஆணியை வைத்துத் தட்டினால் பின் வெளியே வரும், கைபிடி கையோடு வரும். ஜப்பான் கெப் வண்டிகளில் பின் இல்லை, பின்னால் ஒரு கம்பி கிளிப். அதற்கு ஸ்க்ரூ டிரைவர் போட்டு அட்டையைக் கிழிக்காதீர்கள்; துணித் துண்டொன்றைக் கைபிடிக்குப் பின்னால் விட்டு, சப்பாத்துக்குப் பொலிஷ் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுத்தால் கிளிப் தானாக வெளியே துள்ளும். எங்கே துள்ளியது என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரை நாள் அதைத் தேடுவீர்கள்.

அட்டையைக் கழற்றினால் கதவின் எலும்பு தெரியும். உடைந்த கண்ணாடி அடியில் கிடக்கும். கையால் துழாவக் கூடாது. நாங்கள் ஈரமான பாண் துண்டால் ஒற்றி எடுத்தோம், பொடியெல்லாம் பாணில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாணைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள், அதையும் டின்னில்தான் போடவேண்டும்.

கதவின் அடியில் மூன்று சின்ன ஓட்டை இருந்தது. மூன்றும் மண்ணும் இலையும் அடைத்து மூடியிருந்தது. கண்ணாடி ஓரத்தால் மழைத் தண்ணி கதவுக்குள் போவது இயற்கை, அதைத் தடுக்க முடியாது. அது இந்த ஓட்டையால் கீழே இறங்கவேண்டும். ஓட்டை அடைபட்டால் கதவு ஒரு வாளி. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், பனியும் மழையும் மாறி மாறி வரும், கதவு வருஷத்தில் பாதி நாள் உள்ளே ஈரமாகவே இருக்கும். மலைநாட்டு வண்டிகளின் கதவுகள் கீழிருந்து உக்குவது இதனால்தான், பெயின்ட் கூடாததால் அல்ல. ஓட்டையைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே கறலை வயர் பிரஷால் தேய்த்து, ரெட் ஒக்சைட் பூசி, காய்ந்த பிறகு பழைய என்ஜின் ஒயில் தடவினோம். இது காசில்லாத வேலை. யாரும் செய்வதில்லை.

கண்ணாடியின் கீழ் ஓரம் ஒரு தகரத் தவாளிக்குள் நிற்கும். மெஷினின் கை அந்தத் தவாளிக்குள்தான் ஓடி ஏற்றி இறக்கும். பழைய தவாளியைச் சுத்தம் செய்து, கை ஓடுகிற இடத்தில் கிரீஸ் வைத்தோம். முதல் கண்ணாடி உடைந்ததற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருந்தது: பக்கவாட்டில் கண்ணாடி வழுக்கி ஓடுகிற வெல்வெட் ரப்பர் தேய்ந்து, வெறும் இரும்பு தெரிந்தது. இரும்பில் கண்ணாடி மோதினால் எந்தக் கண்ணாடிக்கும் ஆயுசு இல்லை. இறக்கும்போது கடகடவென்று ஆடுகிற கண்ணாடியைக் கேட்டால், முதலில் அந்த ரப்பரை மாற்றுங்கள். பஞ்சிகாவத்தையில் முழக் கணக்கில் கிடைக்கிறது.

அளவு எடுப்பதுதான் தலையாய வேலை. இடது கதவின் நல்ல கண்ணாடியைக் கழற்றி, தடித்த காட்போட் மட்டையில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வெட்டினோம். தட்டைக் கண்ணாடி ஆகையால் மட்டையைத் திருப்பிப் போட்டால் வலது பக்கம். ஆனால் அதை நம்பி ஓடர் கொடுத்துவிடவில்லை. அதே அளவில் மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்று வெட்டி, வலது கதவில் மாட்டி, ஏற்றி இறக்கிப் பார்த்தோம். மேல் மூலையில் ஒரு சதமமீட்டரில் பாதியளவு இடித்தது! ஐம்பது, அறுபது வருஷத்தில் கதவுச் சட்டம் கொஞ்சம் சரிந்திருக்கிறது. பலகையை அரத்தால் தேய்த்துச் சரியாக்கி, அந்தப் பலகையையே கொழும்புக்குக் கொண்டுபோனோம். டெம்பர் செய்த பிறகு தேய்க்க முடியாது என்பதால்தான் இவ்வளவு பாடு. கண்ணாடி டெம்பர் செய்கிற இடத்தில் இந்த முறை உண்மையைச் சொன்னோம்: வாகனக் கதவுக்கு. ஓரத்தை உருட்டித் தேய்த்து, மூலையில் எழுத்துப் பொறித்துத் தரச் சொன்னோம். காத்திருந்தது மூன்று கிழமை. விலை, முந்திய கண்ணாடியைப் போல நான்கு மடங்கு வந்தது. கணக்குப் பார்த்தால் தையல் போட ஓடினதற்கும் தாயின் கூலிக்கும் போன காசில் இரண்டு கண்ணாடி வாங்கியிருக்கலாம்.

ரயிலில் கொண்டுவரும்போது மடியில் படுக்க வைக்காமல், கம்பளியில் சுற்றி நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தோம். டெம்பர் கண்ணாடியின் நடுவில் தட்டினால் தாங்கும், ஓரத்தில் ஒரு கல்லுப் பட்டால் போதும். மச்சான் நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் வரை நித்திரை கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "சாமி படமா ஐயா?" என்று கேட்டுக் கும்பிடப் போனார்.

மாட்டும்போது தவாளிக்குள் வைக்க ரப்பர் கிடைக்கவில்லை. பழைய சைக்கிள் டியூபைப் பட்டியாக வெட்டி, கண்ணாடியின் கீழ் ஓரத்தைச் சுற்றி மடித்து, சவுக்காரத் தண்ணி தடவி, மரக்கட்டையை வைத்துக் கையால் அமுக்கித் தவாளிக்குள் இறக்கினோம். சுத்தியல் கிட்டவும் வரக்கூடாது. பிறகு கண்ணாடியைச் சரித்து மேலிருந்து கதவுக்குள் இறக்கி, மெஷின் கையைத் தவாளியில் கோர்த்து, முதலில் கைபிடியை மட்டும் மாட்டி இருபது தரம் ஏற்றி இறக்கினோம். ஏறும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் மெஷினின் ஸ்க்ரூவைத் தளர்த்தி நகர்த்தவேண்டும். எல்லாம் சரியென்ற பிறகு, உர மூட்டைப் பொலித்தீனைக் கதவு எலும்பில் ஒட்டினோம், தண்ணி அட்டைக்கு வராமல். முன்பு முகத்தில் அடித்த அதே பொலித்தீன், இப்போது அது இருக்கவேண்டிய இடத்தில். அதற்குமேல் அட்டை.

முச்சக்கர வண்டி வைத்திருக்கிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. முன் கண்ணாடி வெடித்துப்போனால் ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் போட்டு ஓட்டுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். பெயர் சொல்லவில்லை, அந்தத் தம்பி இப்போது தலையைக் குனிந்திருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்காருவது நீங்கள். பின்னால் உட்காருவது நம் பிள்ளைகள், பாடசாலைக்குப் போகிறவர்கள். அதை இந்தக் கிழமையே கழற்றவேண்டும். காசு பிரச்சினை என்றால் காரியாலயத்துக்கு வந்து தனியாகப் பேசலாம், நலன்புரிக் கடனுக்கு எழுதிப் பார்ப்போம். லயத்து ஜன்னல்களில் வெடித்த கண்ணாடி இருக்கிற வீடுகளின் இலக்கங்களையும் மாதர் சங்கத் தலைவி அக்காவிடம் கொடுங்கள். மாற்றும்வரைக்கும் வெடிப்பின் இரண்டு பக்கமும் அகலமான டேப் ஒட்டி வையுங்கள், விழுந்தாலும் துண்டு துண்டாகத் தெறிக்காது.

நாங்கள் சொன்ன காட்போட் மட்டையும் ஒட்டுப்பலகையும் காரியாலயத்தில் அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. யாரிடமாவது மொரிஸ் மைனர் பிக்கப் இருந்தால் வந்து எடுத்து அளந்து பார்க்கலாம், ஆனால் உங்கள் கதவில் வைத்துப் பார்க்காமல் ஓடர் கொடுக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடித் துண்டொன்றும், கற்கண்டு கொஞ்சமும் இரண்டு போத்தலில் போட்டு மேசையில் வைத்திருக்கிறோம். கற்கண்டைப் பிறகு குப்பையில் தேடி எடுத்தோம். பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுங்கள், போத்தலைத் திறக்க விடவேண்டாம்.

அந்தப் பையன் இன்றைக்கும் இங்கே வந்திருக்கிறான், கடைசி வரிசையில். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று நேற்று அவனிடமும் தாயிடமும் கேட்டோம். தாய் சரி என்றார். அவன் கேட்டது, "வண்டியில இன்னொரு தரம் ஏறலாமா ஐயா?" என்று. கூட்டம் முடிந்ததும் ஏறலாம், சாவி எங்களிடம்தான் இருக்கிறது. இனி கேள்வி கேட்கிறவர்கள் கேளுங்கள், தேத்தண்ணியும் வந்துவிட்டது.